பதற வேண்டாம், நல்ல சேதிதான்

ஒவ்வொரு ஜூன் மாதமும், சேர்க்கைப் பட்டியல் வெளியாவதற்கு முந்தின நாள் என் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வரும். எங்கள் பல்கலைக்கழகத்தின் தானியங்கி அழைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனை அது. எடுத்தால் ஒரு பெண் குரல் பேசும். "வணக்கம். பதற வேண்டாம், நல்ல சேதிதான். உங்க வீட்டுக் குழந்தைக்கு எங்க யுனிவர்சிட்டில இடம் கிடைச்சிருக்கு. ஊருக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை. கேட்டாச்சுன்னா ஒண்ணாம் நம்பரை அழுத்துங்கோ. நீங்க வர வரைக்கும் இடம் காத்திண்டிருக்கும்." பேச்சுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு மின்ரயிலின் ஹாரன் கேட்கும். அந்தக் குரல் எங்கள் துணைப் பதிவாளருடையது. நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டோம். அவர் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. வருடத்துக்கு ஒரு முறை அவர் குரலைக் கேட்டு, ஒன்றை அழுத்தி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று கணினிப் பிரிவுக்குச் சொல்வது என் வேலையாக இருந்தது.

மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம். தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறையாக பம்பாயில் அலுவலக வேலை. கஞ்சி போட்ட பருத்திப் புடவையில், கையில் காபி ஃபிளாஸ்க்கோடு அவர் நடைபாதையில் வருவது தெரிந்தாலே சேர்க்கைப் பிரிவில் பேச்சு நின்றுவிடும். நான் தாராவிக்காரி. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான், ஆனால் நாங்கள் பேசுவதைக் கேட்ட மராத்தி சிநேகிதிகள் இது ஒரே பாஷைதானா என்று கேட்பார்கள். "நீ பேசறது எனக்குப் பாதிதான் புரியறது" என்பார் மேடம். "நீங்க பேசறது எனக்கு முழுசாப் புரியுது மேடம், அதான் கஷ்டமா இருக்கு" என்பேன். அவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் சிரித்துவிட மாட்டார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வகுப்புகள் தொடங்கிய பிறகும் பல இடங்கள் காலியாகக் கிடந்தன. பட்டியலில் பெயர் வந்தும் பிள்ளைகள் வந்து சேரவில்லை. அந்த இடங்கள் காத்திருப்போருக்குப் போவதற்குள் அவர்கள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டிருந்தார்கள். மாணவர் சேர்க்கை நடக்கும் முறையை ஆராய்ந்து, எங்கே கோளாறு, எப்படித் திருத்துவது என்று அறிக்கை தரும் பொறுப்பு மேடத்துக்கு வந்தது. அவர் கோப்புகளை எல்லாம் வரவழைத்துப் பார்த்தார், துறை துறையாகக் கணக்கெடுத்தார். கடைசியில் அவர் எழுதிய பரிந்துரை சுருக்கமானது. வந்து சேர்வதற்கான அவகாசத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். வராதவர்கள் அக்கறை இல்லாதவர்கள், அவர்களுக்காகக் காத்திருப்பதால் அக்கறை உள்ளவர்கள் நஷ்டப்படுகிறார்கள். தட்டச்சு செய்தது நான்தான். "படிக்கணும்னு இருக்கிறவா ஓடி வருவா. வராதவாளுக்குப் பொறுப்பு கிடையாது, அவ்வளவுதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் பொறுப்பில்லாமல் பிள்ளை படிக்கவைத்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. சொன்னேன். "உனக்கு எல்லாத்திலயும் கோபம்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சேர்க்கைக் குழு அந்தப் பரிந்துரையைப் பாராட்டி ஏற்றுக்கொண்டது.

அடுத்த வருடம் காலி இடங்கள் உண்மையிலேயே குறைந்தன. மேடத்துக்குத் துணைவேந்தர் கைகொடுத்ததை நான் பார்த்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்து, மத்தியானம், ஒரு அப்பாவும் மகளும் சேர்க்கைப் பிரிவுக்குள் வந்தார்கள். குர்லாவில் ரயிலை விட்டு இறங்கி நேராக வந்திருக்கிறார்கள். தோளில் பைகள், ஒரு பையிலிருந்து கருப்பட்டி வாசம். அந்தப் பெண்ணின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வியர்வையில் கலங்கியிருந்தன. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்து வருகிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் வருடம் முழுக்க தாராவியில் உழைத்தாலும் கோடை விடுமுறையில் கொடைக்கு ஊர் போய்விடுவார்கள். கோயில் வரி கொடுத்த குடும்பம் போகாமல் இருக்க முடியாது, சாமி காரியம். ரயில் டிக்கெட்டை மாதக்கணக்குக்கு முன்பே எடுத்து வைத்திருப்பார்கள், நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. அந்தப் பெண்ணுக்கு வேதியியலில் இடம் கிடைத்திருந்தது. அவகாசம் முடிந்து இடம் கைமாறிவிட்டது.

மேடம் அந்த அப்பாவை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. "தகவல் அனுப்பினோமே, பார்க்கலையா?" என்று மேடம் கேட்டார்.

"கடைக்காரர் நம்பருல்லாம்மா குடுத்திருந்தோம். ஃபாரம் எழுதிக் குடுத்தது அவருதானே. எங்களுக்கு இந்த மெசேஜி, மெயிலு ஒண்ணும் தெரியாது. அவரு கடையில ஆயிரம் பேருக்கு வருது, அதுல எங்களத எங்க பாப்பாரு. குர்லாவுல இறங்குற முன்னாடி போனப் போட்டேன், அப்பதான் சொல்லுதாரு, சீட்டு வந்துட்டுன்னு."

தாராவியில் அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இணையக் கடைக்காரரே விண்ணப்பத்தை நிரப்புவார், தன் எண்ணையே போட்டுக்கொள்வார். வீட்டுக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி, ஒரு விவரமான ஆள் பார்த்துக்கொள்கிறாரே என்று. எங்கள் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விண்ணப்பத்தில் எண் இருந்தது, எண்ணுக்குத் தகவல் போயிற்று, அதோடு எங்கள் கடமை முடிந்தது.

பையைக் கீழே வைக்காமல் நின்ற அந்தப் பெண், மேடத்தைப் பார்த்து, "என் இடத்துல இப்ப யாரு மேடம் இருக்காங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மேடம் என் பக்கம் திரும்பினார்.

அதன் பிறகு மேடம் செய்ததை எல்லாம் நான் கூடவே இருந்து பார்த்தேன். அன்று சாயங்காலம் வரை ஒவ்வொரு அறையாக ஏறி இறங்கினார். கூடுதலாக ஓர் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. போன வருடம் நீங்களே கேட்டு வாங்கிய விதிதானே என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். தனக்குத் தெரிந்த வேறு இரண்டு கல்லூரிகளுக்குப் பேசினார், அங்கேயும் கதவைச் சாத்திவிட்டார்கள். திரும்பி வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யாருடைய கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை. "அடுத்த வருஷம் நீ மறுபடியும் அப்ளை பண்ணு. நானே உனக்குப் போன் பண்றேன். கடைக்காரன் நம்பர் வேண்டாம், அப்பா நம்பர் குடு" என்றார். அவள் தலையாட்டினாள். போகும்போது அவள் அப்பா கருப்பட்டியில் ஒரு பொட்டலத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். மேடம் அதை வீட்டுக்கும் கொண்டு போகவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. மழைக்காலத்தில் கசிந்து ஒழுகியபோது நான்தான் எடுத்துப் போட்டேன்.

அடுத்த ஜூனில் விண்ணப்பங்கள் தொடங்கிய அன்றே மேடம் அந்த எண்ணுக்கு அழைத்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அப்பாதான் எடுத்தார். ஒலி கூடுதலாக இருந்ததால் எனக்கும் கேட்டது. "அவளக் கட்டிக் குடுத்தாச்சும்மா. கொடைக்குப் போன எடத்துலயே பாத்து வச்சிருந்தாவ. படிக்கப் போறான்னுதான் வேண்டாம்னோம். பெறகு சும்மாதான இருக்கான்னு..." மேடம், "சௌக்கியமா இருக்காளா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றார். போனை வைத்துவிட்டு மேடம் கொஞ்ச நேரம் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி மூடினார். "நான் இன்னிக்கு ஆத்துக்குச் சீக்கிரம் கிளம்பறேன்" என்றார். சேர்க்கைக் காலத்தில் அவர் அப்படிப் போனது அந்த ஒரு நாள்தான்.

அதற்கடுத்த குழுக் கூட்டத்தில் அவர் தன் அறிக்கையைத் தானே திரும்பப் பெற்றார். கோப்பு எடுத்துக்கொடுக்கப் போன நான் சுவரோரமாக நின்றிருந்தேன். "நான் எழுதியது தப்பு. வராதவர்கள் யார் என்று பார்க்காமலேயே எழுதிவிட்டேன்" என்று ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இடம் கிடைத்த ஒவ்வொரு வீட்டையும் போனில் அழைக்க வேண்டும். கடைக்காரர் எண் செல்லாது. கேட்டாயிற்று என்று வீட்டிலிருந்து ஒருவர் சொல்லும்வரை விடக்கூடாது, சொல்லிவிட்டால் ஒரு வாரம் இடம் காத்திருக்க வேண்டும். ஒரு பேராசிரியர், நாம் என்ன கல்யாணத்துக்கா அழைக்கிறோம் என்று கேட்டார். ஆமாம், அப்படித்தான் அழைக்க வேண்டும் என்றார் மேடம். ஆள் தர மாட்டோம் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே ஆள் நாங்கள் இருவர்தான். மாட்டுங்கா, செம்பூர், கோவண்டி என்று பட்டியலைப் பிரித்துக்கொண்டோம். தாராவியை மேடம் பிடிவாதமாகத் தனக்கு வைத்துக்கொண்டார். முதல் நாள் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. வங்கி என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் என நினைத்துப் பாதிப் பேர் போனை வைத்துவிட்டார்கள். ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க எந்தூருப் பேச்சு பேசுதீய?" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆனால் இன்னொரு வீட்டில், "உங்க பொண்ணு பேரு இதுதானே?" என்று மேடம் தொடங்கியதும் எதிர்முனையில் ஒரு பெண் அலற ஆரம்பித்துவிட்டார். மகள் வெளியே போயிருக்கிறாள், தெரியாத எண்ணிலிருந்து அவள் பெயரைச் சொல்கிறார்கள். தண்டவாளத்தில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் இந்த ஊரில் எந்தத் தாயும் நினைப்பாள். மேடம் பயந்துபோய், நல்ல சேதி, நல்ல சேதி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் பெயரைக் கேட்பதற்கு முன்னால் "பதற வேண்டாம்" என்பதுதான் முதல் வார்த்தை.

சில வருடம் கழித்துத் தானியங்கி அழைப்பு வந்தபோது, தமிழுக்கு மேடமே பேசினார். ஆவண அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தோம். "உங்காத்துக் குழந்தை" என்பதை "உங்க வீட்டுக் குழந்தை" என்று நான் மாற்றவைத்தேன். "அழுத்துங்க" என்றும் "காத்துக்கிட்டிருக்கும்" என்றும் சொல்லவைக்க என்னால் முடியவில்லை. "அது மட்டும் வராதுடி, விட்டுடு" என்றார். ரயில் ஹாரன் விழுந்துவிட்டது, மறுபடி பேசலாம் என்றேன். இருக்கட்டும், நம்ம ஊர்தான்னு நம்புவா என்றார். ஒன்றை அழுத்தாவிட்டால் ஒரு மணி நேரம் கழித்து இயந்திரம் மறுபடியும் அழைக்க வேண்டும் என்பதை அவரே எழுதிக் கொடுத்தார்.

ஓய்வு பெற்ற பிறகு மேடத்துக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனில் இறங்கி, பூ வாங்கிக்கொண்டு நான் அவரைப் பார்க்கப் போவேன். ஒவ்வொரு ஜூனிலும் ஒரே கேள்வி. "இந்த வருஷம் யாரும் விட்டுப் போகலையே?" கடைசியாகப் போனபோது அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டார். விசாரித்திருந்தேன். அவள் பெற்றோர் தாராவியை விட்டு எப்போதோ போய்விட்டார்கள், கோவண்டி என்று ஒருவர் சொன்னார், ஊருக்கே என்று இன்னொருவர். பழைய எண் உபயோகத்தில் இல்லை. தெரியவில்லை என்று சொன்னேன். "எத்தனை பேரைக் கூப்பிட்டோம், அவ ஒருத்தியைக் கூப்பிட முடியலை பாரு" என்றார். அந்த மழைக்காலத்திலேயே அவர் போய்விட்டார்.

இந்த வருடம் மறுபடியும் சேர்க்கை முறையை ஆராய்ந்தார்கள். வெளியிலிருந்து வந்த இளைஞர்கள், கெட்டிக்காரர்கள். அவர்கள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. இப்போது பிள்ளைகள் கையிலேயே போன் இருக்கிறது, செயலியில் எல்லாம் வந்துவிடும். தெரியாத எண்ணை யாரும் எடுப்பதில்லை. தமிழ் வீட்டுப் பிள்ளைகளே இந்தியில்தான் பதில் சொல்கிறார்கள். நானும் குழுவில் இருந்தேன். அம்மா அப்பாக்களுக்கு ஒரு குரல் வேண்டும் என்று சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அழைப்பை நிறுத்துவது என்று முடிவாயிற்று.

நிறுத்தும் அன்று மத்தியானம், கடைசியாக ஒரு சோதனை அழைப்பு வேண்டும் என்று கணினிப் பிரிவில் கேட்டேன். எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. என் கைப்பேசி ஒலித்தது. வணக்கம். பதற வேண்டாம், நல்ல சேதிதான். அந்த ஹாரனும் கேட்டது. நீங்க வர வரைக்கும் இடம் காத்திண்டிருக்கும் என்று சொல்லி முடித்துவிட்டு, குரல் எனக்காக நின்றது. நான் ஒன்றை அழுத்தவில்லை. அழுத்தாதவர்களை மேடம் விட்டதே இல்லை. அலுவலகத்தைப் பூட்ட வரும்வரை கைப்பேசியை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழைப்பு வரவில்லை.