சோளக்காடு சொன்ன பதில்கள்

என் அம்மாவின் தம்பிக்கு அப்போது ஊர் ஊராகப் போய் எழுதும் வேலை. கிணறு உண்டா, பள்ளிக்கூடம் உண்டா, மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், நோய் வந்தால் எங்கே போகிறார்கள் என்று கேட்டு நீளமான தாள்களை நிரப்பிக்கொண்டு வருவார். மாமாவின் தாள்களைப் படித்துத்தான் கிராமங்களின் குறை சர்க்காருக்குத் தெரியும் என்று நான் நம்பியிருந்தேன்.

நான் நாலாவது படித்த வருடம் தசரா விடுமுறையில் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். "இவன் வாயே திறக்க மாட்டான்க்கா, ஒரு தொந்தரவும் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னார். உண்மைதான். இன்றும் நான் அப்படித்தான்.

எங்கள் நகரத்து மௌலா அலி குன்று பின்னால் சிறுத்து மறைந்தது. யாரோ விளையாடிவிட்டு அப்படியே விட்டுப்போன மாதிரி பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. ஜீப் குலுங்கும்போதெல்லாம் மாமா கண்ணை மூடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மாஃப் கரோ சாப்" என்று மன்னிப்புக் கேட்டு டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

அந்த ஊரில் ஒரு ஆண்கூட இல்லை. கட்டிலின் மேல் பாதி பீடி புகைந்துகொண்டிருந்தது. செருப்புகள் கிடந்தன, கால்கள் இல்லை. அப்படி ஒரு ஊரை நான் கதையில்கூடக் கேட்டதில்லை.

இடுப்பில் குடத்தோடு ஒரு அம்மாள் வந்தாள். குடத்துத் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது.

"ஆம்பளைங்க யாரும் இல்ல சார். சந்தைக்குப் போயிட்டாங்க." தெலுங்கில்தான் சொன்னாள். எனக்குத் தமிழைவிட அது சுலபம்.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"செருப்பு போடாமலா?"

அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"தண்ணிக்காகத்தாம்மா வந்திருக்கேன். இந்தத் தாள் நிரம்பலேன்னா இந்த வருஷ போர்வெல் வேற ஊருக்குப் போயிடும்."

"போன வாரம் ஒருத்தர் ஜீப்ல வந்து ரேடியோ தர்றேன்னாரு. நீங்க தண்ணின்றீங்க."

"நக்கோ சாப், சலோ. வேண்டாம், போயிடலாம்" என்றார் டிரைவர்.

ஒன்றுக்குப் போக நான் சோளக்காட்டுக்குள் நுழைந்தேன். பயிர் என்னைப்போல் இரண்டு மடங்கு உயரம். பத்தடி போனதும் நின்றுவிட்டேன். சால் சாலாக ஆண்கள் படுத்திருந்தார்கள். தாத்தாக்கள், மீசைக்காரர்கள், தலைப்பாகைக்காரர்கள். இத்தனை பேர் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. ஒருவர் உதட்டில் விரல் வைத்தார். பிறகு அரிவாளால் ஒரு சோளத்தட்டையைச் சீவி என் கையில் கொடுத்தார். பெரியவர்கள் ஊரோடு கண்ணாமூச்சி ஆடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், காட்டிக்கொடுக்கக் கூடாது.

தட்டையைக் கடித்துக்கொண்டே திரும்பினேன்.

"யாருடா இவ்வளவு அழகா சீவிக் கொடுத்தது?" என்றார் மாமா.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. மாமா தட்டையைப் பார்த்தார், காட்டைப் பார்த்தார். டிரைவரிடம் ஜீப்பை ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். அந்தச் சத்தம் தேய்ந்த பிறகு வரப்போரம் போய், பேனாவைத் திறந்து, பயிரைப் பார்த்து உரக்கப் படித்தார்.

"குடிக்கிற தண்ணி எங்கேர்ந்து?"

காற்றுதான் அசைந்தது. மறுபடி படித்தார். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓடையிலேர்ந்து!"

"கோடையில?"

"மணலைத் தோண்டுவோம்!" இது வேறு மூலை.

மாமா கேட்கக் கேட்க, காடு பதில் சொன்னது. ராத்திரிக்குச் சோள ரொட்டியும் மிளகாயும். மழை பெய்தால் ரோடு கிடையாது. வாத்தியார் உண்டு, வருவதில்லை. அந்த அம்மாள் ஒரு கட்டிலை இழுத்துவந்து போட்டாள். மாமா உட்காரவில்லை. நின்றபடியே எழுதினார்.

"டாக்டர் எவ்வளவு தூரம்?"

"முன்னெல்லாம் ரொம்ப தூரம் சார். இப்ப அவரே ஜீப்ல எங்களைத் தேடி வர்றாரு!"

காடு முழுக்கச் சிரித்தது. கதிர்கள் குலுங்கின. மாமாவின் பேனா மட்டும் நின்றுவிட்டது. "உங்களுக்கு ஒளியறதுக்குச் சோளமாவது இருக்கு" என்று தமிழில், தனக்கே சொல்லிக்கொண்டார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லடா. நீ தட்டையைத் தின்னு."

அடுத்த கோடையில் அந்த ஊருக்கு போர்வெல் வந்தது. நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டு, பாலாநகரில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். நாங்கள் அந்த ஊருக்குப் போனது, குழந்தை பிறக்காமலிருக்க ரேடியோ ஆசை காட்டியும் பிடித்துக்கொண்டுபோயும் ஆண்களுக்கு அறுவை செய்த வருடம் என்று பட்டறையில் பேசிக் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆள் கொண்டுவராத சிப்பந்தி தானே போய் அறுவைக்குப் படுக்க வேண்டும் என்று மாமாவின் ஆபீசில் சொல்லியிருந்தார்களாம். தசராவுக்கு முன்பே கெடு முடிந்திருந்தது. மாமா ஒருவரையும் கொண்டுபோகவில்லை. அத்தைக்கு அதன் பிறகு குழந்தையே இல்லை.

கட்டில் போட்டும் உட்காராமல் அவர் நின்றது, பேசுகிற காட்டுக்குக் காட்டிய மரியாதை என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.