காஜா நவாஸ் விற்க நினைத்த வீடு

காஜா நவாஸ் கூடத்துச் சுவரை விரல் கணுவால் தட்டுகிறார். காதைச் சாய்த்துக் கேட்கிறார். கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் தட்டுகிறார். பூச்சு உப்பியிருந்தால் பொத்தென்று சத்தம் வருமாம். கீழக்கரையில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிற வீட்டில் எங்காவது ஓரிடத்தில் வரத்தான் செய்கிறது. வந்தால் "ம்" என்பார். பிறகுதான் காலை டீ.

அறுபதைத் தாண்டியவர். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் பராமரிப்பு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அறையில் குழாய் சொட்டினாலும் அரை மணி நேரத்தில் ஆள் போய் நிற்க வேண்டும், அதுதான் வேலை. சொந்த வீட்டுக் குழாய்கள் அவர் விடுப்பில் வரும்வரை சொட்டின. இப்போதும் சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். பள்ளிவாசலுக்குப் போகும்போது மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போவார்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வீட்டை விற்கப் போவதாக முதலில் என்னிடம்தான் சொன்னார். "நீங்க வேற எடம் பாக்க வேணாம் தம்பி. வாங்குறவகள்ட்ட உங்களையும் சேத்தே சொல்லிர்றேன்" என்றார். வீட்டோடு கிடைக்கும் வசதிகளில் தண்ணீர் மோட்டாருக்கு அடுத்து நான் இருந்தேன்.

விற்கச் சொன்னது மகள் லாமியா. சென்னையில் வேலை பார்க்கிறாள். வயதான காலத்தில் தனியாகக் கிடக்க வேண்டாம், வீட்டைக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளாட் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். காஜா நவாஸ் மனைவி நஸீராவைக் கேட்டார். "நீங்க சொன்னாச் சரி" என்றார் நஸீரா. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் முடிவாகும்.

வீடு பார்க்க முதலில் வந்தவர்கள் ராமநாதபுரத்து ஆசிரியத் தம்பதி. அந்த அம்மா அடுப்படியை எட்டிப் பார்த்து, "இருட்டா இருக்கே" என்றார். அடுத்த வாரமே காஜா நவாஸ் கொத்தனாரை அழைத்துவந்து கடல் பக்கச் சுவரை உடைத்தார். உப்புக் காற்றுக்கு இரும்பு நிற்காது என்று பிளாஸ்டிக் சட்டம் போட்ட அகலமான ஜன்னல் வந்தது. ஆசிரியர்கள் வரவில்லை.

பரமக்குடியிலிருந்து வந்தவர், "வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையா?" என்றார். அது வந்தது. கூடவே வழுக்காத தரையும் வந்தது. ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று வந்த இன்னொருவர், மாடிப்படியில் கைப்பிடி இல்லையே என்றார். கைப்பிடி வந்தது. கேட்டவர்கள் யாரும் வரவில்லை.

நஸீராவுக்கு முழங்கால் வலி வந்து பல வருடம். மாடியில் துணி காயப்போடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார். அடுப்படிக்கு ஒரு ஜன்னல் வேண்டுமென்று அவர் கேட்டது லாமியா கைக்குழந்தையாக இருந்தபோது. "அடுத்த லீவுல பாப்போம்" என்று துபாயிலிருந்து பதில் வந்தது. அங்கேயே நின்று காலமெல்லாம் சமைத்தவருக்குக் கிடைக்காதது, ஒரு சாயங்காலம் வந்து டீ குடித்துவிட்டுப் போனவர்களுக்குக் கிடைத்தது. நஸீரா இதைச் சொல்லிக்காட்டவில்லை. ஜன்னலோரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

செலவு ஆறு லட்சத்தைத் தொட்டது. காஜா நவாஸ் அதை அப்படியே விலையில் ஏற்றினார். வீட்டுத் தரகர் நாகேந்திரன் தலையைச் சொறிந்தார்.

"பாய், வர்றவன் மனையப் பாப்பான், பாதையப் பாப்பான், தண்ணி உப்பான்னு வாயில ஊத்திப் பாப்பான். அதுக்குத்தான் துட்டு. நீங்க செஞ்ச வேலைக்கு ஒரு லட்சம் கூடக் கெடச்சாலே பெருசு."

"அப்ப மிச்சம்?"

"போனதுதான்."

"எங்கனய்யா போச்சு? இந்தா, இங்கன சுவத்துலதான இருக்கு."

"சுவத்துல இருக்கு பாய். வெலையில இல்ல."

இதற்கிடையில் நஸீரா ஒருமுறை சென்னைக்குப் போய் பிளாட்டைப் பார்த்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. அடுப்படி ஜன்னலத் தொறந்தா எதுத்தாப்புல இன்னொரு அடுப்படி. அங்க இருக்குற அம்மா என்னயப் பாக்குறாக, நான் அவுகளப் பாக்குறேன்" என்றார்.

கடைசியாகத் திருப்புல்லாணியிலிருந்து ஒருவர் வந்தார். எந்தக் குறையும் சொல்லவில்லை. செய்த செலவில் ஒன்றரை லட்சம் மட்டும் திரும்புகிற விலைக்குப் பேச்சு முடிந்தது. மறுநாள் நாகேந்திரனோடு முன்பணம் கொடுக்க வந்தார். மாடி அறையைக் காட்டுவதற்காக நான் சாவியோடு இறங்கி வந்து கூடத்தில் நின்றிருந்தேன். வெளியாள் வந்தால் கூடத்துக்கு வராத நஸீரா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"வீடு விக்கலங்க. உங்கள அலைய வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

வந்தவர் நாகேந்திரனைப் பார்த்தார். நாகேந்திரன் காஜா நவாஸைப் பார்த்தார். காஜா நவாஸ் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடினார்கள்.

அவர்கள் போன பிறகு, "லாமியாட்ட என்னத்தச் சொல்றது?" என்றார் காஜா நவாஸ்.

"காலையிலயே பேசிட்டேன். வருத்தந்தான். லீவு போட்டுட்டு வாரேங்குறா."

"அப்ப இம்புட்டுச் செலவும்?"

"வாங்க வந்தவுக ஒவ்வொருத்தரும் கேட்டதச் செஞ்சீக. நானும் வாங்கத்தான் வந்திருக்கேன்னு வச்சுக்கங்க."

குரல் உயரவில்லை. காஜா நவாஸ் சோபாவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்து லீவுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் நழுவப் பார்த்தேன். "இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"சரி. வேற என்ன கொறை இருக்கு?"

"மேல் தட்டு எட்டல. எப்பவும் முக்காலி போட்டுத்தான் ஏறுறேன்."

எழுந்து அடுப்படிக்குப் போனார். சுவரில் உள்ளங்கையை வைத்து, தட்டின் உயரம் இங்கே இருந்தால் போதுமா என்று திரும்பிப் பார்த்தார். நஸீரா அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு சாண் கீழே இறக்கி வைத்தார்.