கயிற்றுக்கு உள்ளே ஓர் உயிர்த்த ஞாயிறு

அபியோசே கோக்கருக்குப் பூ வளர்க்கிற கை. எங்கள் குளோசெஸ்டர் கிராமம் தலைநகர் ஃப்ரீடவுனுக்கு மேலே மலைச்சரிவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இங்கே பெண்கள் எல்லோரும் லெட்டூஸ் கீரையும் வெங்காயத்தாளும் போட்டு, விடியுமுன் கூடையில் சுமந்து கீழே நகரத்துக்குக் கொண்டுபோவோம். அபியோசே அதோடு லில்லியும் வைத்திருந்தாள். உயிர்த்த ஞாயிறுக்குக் கோயில் பீடம் முழுக்க அவள் வீட்டு லில்லிதான். உயரமான பெண், சத்தமான சிரிப்பு. அவள் பேரம் பேசுவது எதிர்வீட்டில் இருக்கிற எனக்குச் சமையலறை வரைக்கும் கேட்கும்.

எபோலா வந்த வருஷம் அந்த லில்லியை யாரும் வாங்கவில்லை.

நடந்தது இதுதான். அவள் வீட்டின் பின்னறையில் மெமுனா என்று ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். கருவாடு விற்பவள். தனி ஆள். அபியோசேயின் சின்ன மகன் டயோ, நாலு வயசு, பொழுதுக்கும் அவள் மடியில்தான் கிடப்பான். வாழைக்காய் வறுத்து ஊதி ஊதி ஊட்டுவாள். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம் மெமுனாவுக்குக் காய்ச்சல் கண்டது. மலேரியா என்றுதான் நினைத்தார்கள். வாந்தி எடுத்தபோது அபியோசே கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு துடைத்துவிட்டாள். மூன்றாம் நாள் காலை மெமுனா எழுந்திருக்கவில்லை. வெள்ளை உடைக்காரர்கள் வந்து உதட்டில் பஞ்சு ஒற்றி எடுத்துக்கொண்டு, உடலைப் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். பஞ்சு எபோலா என்று சொன்னது.

அன்று மத்தியானமே வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். உள்ளே அபியோசே, எட்டு வயசு மகள் பிசி, டயோ. மூன்று வாரத்துக்கு யாரும் வெளியே வரக்கூடாது. கயிற்றோரம் கொன்டே என்கிற போலீஸ்காரர் ஒரு மரப்பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். காலையும் மாலையும் ஃபோடே என்கிற சுகாதாரப் பையன் வந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, துப்பாக்கி மாதிரியான வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டி, மூன்று பேருக்கும் காய்ச்சல் பார்ப்பான்.

அபியோசேயின் கணவன் சில்வானஸ் லாரி ஓட்டுகிறவன். அப்போது மகேனி என்கிற தூரத்து ஊரில் இருந்தான். சேதி கேட்டு ஓடி வந்தான். ஆனால் கயிற்றைத் தாண்ட விடவில்லை. பகலெல்லாம் எங்கள் வேலியோரம் நின்று மனைவியோடு கத்திக் கத்திப் பேசுவான். ராத்திரி என் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்வான்.

பயம் எப்படி இருந்தது என்று அபியோசே பிற்பாடு எனக்குச் சொன்னாள். "மெமுனாவைத் துடைச்சது நான். ஆனா என்னை நினைச்சு எனக்குப் பயமே வரல. டயோ அவ மடில தூங்கினான் பாரு, அவளுக்கு உடம்பு சுட ஆரம்பிச்ச அன்னிக்கு, அதுதான் கண்ணு முன்னால நின்னுச்சு. அவன் தும்மினா ஓடிப்போய் நெத்தியைத் தொட்டுப் பார்ப்பேன்."

ஆனாலும் பிள்ளைகளுக்குப் பண்டிகை வேண்டுமே. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கந்தல் துணியில் யூதாஸ் பொம்மை செய்து, தெருத்தெருவாக இழுத்து, தடியால் வெளுத்து வாங்குவார்கள். பிசி அப்பாவின் பழைய கால்சட்டையில் காய்ந்த இலையைத் திணித்து, உள்முற்றத்திலேயே ஒரு யூதாஸைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"இவன் ஏன்க்கா அப்பா மாதிரியே இருக்கான்?" என்றான் டயோ.

"கால்சட்டை மட்டும்தான்டா அப்பாவோடது. அடி!"

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சில்வானஸ் கத்தினான்: "ஏய், மெதுவா அடிங்கடா! அந்தக் கால்சட்டையை நான் இன்னும் தூக்கிப் போடல!"

கொன்டே கூடப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே குலுங்கிச் சிரித்தார். அப்போது தெருவில் மற்றப் பிள்ளைகள் தங்கள் யூதாஸை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இந்த வீட்டருகே வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர் ஓரத்துக்கு ஓடினார்கள். அதில் ஒருவன், "எபோலா வீடு! எபோலா வீடு!" என்று கூவிக்கொண்டே ஓடினான். பிசி தடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்படிக் கூவினவன் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன்.

நிவாரணமாக வந்த பயறை ஊறவைத்து அரைத்து, இலையில் கட்டி, ஓலேலே அவித்தாள் அபியோசே. எண்ணெய் குறைவு, மீன் இல்லை. பிள்ளைகள் தின்றார்கள். சனிக்கிழமை பிசியின் தலைமுடியைப் பின்னிவிட்டாள். டயோவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினாள். "கோயிலுக்குப் போகப் போறதில்லையே, எதுக்கும்மா?" என்று பிசி கேட்டதற்கு, "கோயில் நம்மளைத் தாண்டித்தானே போகும். பார்க்கிறப்ப நாம அழகா இருக்க வேணாமா?" என்றாள்.

எங்கள் ஊரில் உயிர்த்த ஞாயிறு விடிகிற நேரம் சபையார் எல்லோரும் பாடிக்கொண்டு ஊரைச் சுற்றி வருவோம். அந்த வருஷம் கூட்டம் கூடாது என்று சொல்லியிருந்ததால் கொஞ்சம் பேர்தான் போனோம், ஒருவரையொருவர் தொடாமல் தள்ளித் தள்ளி நடந்து. அபியோசே வீட்டுக்கு எதிரே வந்ததும் போதகர் கையை உயர்த்தினார். நின்று, "உயிர்த்தெழுந்தார்" என்கிற பாட்டை முழுசாகப் பாடினோம். சன்னலில் பிசி மட்டும் தெரிந்தாள், மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொண்டு. கையை ஆட்டினாள். அபியோசே எங்கே என்று நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். காணவில்லை.

அவள் அந்த நேரம் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சட்டை போட்டுவிடலாமென்று டயோவை எழுப்பப் போனவள், அவன் முதுகில் கை வைத்திருந்தாள். அடுப்பிலிருந்து இறக்கின சட்டி மாதிரி இருந்தது.

வெளியே நாங்கள் பாடினது ஒவ்வொரு வரியும் அவளுக்குக் கேட்டது. "பாட்டு முடியக் கூடாதுன்னு இருந்துச்சு" என்றாள். "முடிஞ்சா அடுத்து ஃபோடே வருவான்."

ஃபோடே வந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். காய்ச்சல் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும். பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும். போன பிள்ளைகளில் எத்தனையோ திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூட அம்மாமார்களுக்குத் தெரியவில்லை.

அபியோசே துணியை நனைத்தாள். டயோவின் நெற்றியில் போட்டாள், எடுத்தாள், மறுபடி நனைத்தாள். மெமுனாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று மனசு சொன்னது. மலேரியாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அதே மனசு பதிலும் சொன்னது. ஃபோடேயின் குரல் கேட்டதும் டயோவின் நெற்றியை ஈரத் துணியால் துடைத்து, வெள்ளைச் சட்டையை மாட்டி, கயிற்றோரம் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஈஸ்டர் வாழ்த்துக்கள் அக்கா! என்ன, சின்ன ஐயா இன்னும் தூக்கத்துல இருக்காரா?"

"ஆமா தம்பி, ராத்திரி கொசு."

துப்பாக்கி பீப் என்றது. ஈர நெற்றி அதை ஏமாற்றிவிட்டது. ஃபோடே எண்ணைச் சத்தமாகப் படித்து, எழுதிக்கொண்டு, சரிவில் இறங்கிப் போனான்.

அபியோசே உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.  டயோ தண்ணீர் கேட்டான். குவளையில் கொடுத்தாள். ரெண்டு வாய் குடித்துவிட்டு மீதியை வைத்தான். பிசி வந்தாள். பண்டிகை நாளாயிற்றே, தம்பியைக் கொஞ்ச வேண்டும் அவளுக்கு. "என் ராஜாக் குட்டி" என்று கன்னத்தைப் பிடித்தபடியே அந்தக் குவளையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"தொடாத! அவனைத் தொடாதடீ!"

அப்படி ஒரு சத்தம் தன் தொண்டையிலிருந்து வருமென்று அபியோசேக்கே தெரியாது. குவளை தரையில் உருண்டது. பிசி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தம்பியைப் பார்த்தாள். அவன் எதுவும் புரியாமல், "அக்கா, நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டு அழ ஆரம்பித்தான்.

இவனை ஒளித்தால் அவளையும் பறிகொடுப்பேன் என்று அபியோசேக்கு அப்போது தெரிந்தது. கதவைத் திறந்துகொண்டு கயிற்றுக்கு ஓடினாள்.

"ஃபோடே! தம்பி ஃபோடே! திரும்பி வா!"

அவன் சரிவின் பாதியில் இருந்தான். மேலே ஏறி வந்தான். அவள் சொன்னாள். ஈரத் துணியையும் சொன்னாள். ஃபோடே திட்டவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு அடி பின்னால் வைத்தான். இத்தனை நாள் கயிற்றோரமே நின்றவன். 

சில்வானஸ் என் வீட்டிலிருந்து பாய்ந்து வந்தான். "எதுக்குடி சொன்ன? பைத்தியமா உனக்கு? மலேரியா மாத்திரை நான் வாங்கிப் போட்டிருக்க மாட்டேனா?"

"மலேரியா இல்லைன்னா?"

"மலேரியாதான்!"

"நீ வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிற சில்வானஸ். அங்கேருந்து பார்த்தா எல்லாம் மலேரியாதான். பிசி இங்க இருக்கா."

அவன் என் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோயிலில் ஆராதனை முடிந்து மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தபோது தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. ரெண்டு பேர் இறங்கினார்கள், தலை முதல் கால்வரை வெள்ளை, கண்ணாடி, முகமூடி. பண்டிகைக்கு முகமூடி கட்டி ஆடுகிற டெபுல் என்னும் பேய்வேஷக்காரர்களைக் கண்டாலே டயோ அம்மாவின் பாவாடைக்குள் ஒளிகிறவன்.

"டெபுல்! அம்மா, டெபுல் வந்துடுச்சு!"

"டெபுல் இல்லடா கண்ணு. நெஞ்சுல பேரு எழுதியிருக்கு பாரு. டெபுலுக்கு ஏதுடா பேரு? இவரு... பேட்ரிக். பேட்ரிக் மாமா."

முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆமாடா. நான் பேட்ரிக். உன் சட்டை ஜோரா இருக்கே. வண்டில ஏறலாமா?"

"அம்மாவும் வரணும்."

பேட்ரிக் அபியோசேயைப் பார்த்தார். முடியாது என்று தலையை மெல்ல ஆட்டினார். காய்ச்சல் இல்லாதவர்களை எபோலா சிகிச்சை மையத்துக்குள் விடமாட்டார்கள். அவளும் போய்விட்டால் பிசிக்கு யார்? அபியோசே குனிந்தாள். முத்தம் கொடுக்கவில்லை. கொடுக்காதது இன்னும் உதட்டில் இருக்கிறது என்பாள். "போயிட்டு வா. பேட்ரிக் மாமா சொல்றதைக் கேளு" என்றாள். அவன் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டே போனான். வண்டிக்கதவு மூடின பிறகும் திருப்பம் வரைக்கும் அவன் அழுகை கேட்டது.

அதற்குப் பின் அந்த வீட்டில் பிசி ஒரு மூலையிலும் அம்மா ஒரு மூலையிலும். அம்மா பக்கத்தில் வந்தால் பிசி நகர்ந்தாள். பிசி நகராவிட்டால் அம்மா நகர்ந்தாள். திங்கட்கிழமை மலைமுழுக்கப் பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். வழக்கமாகப் பட்டம் விடப் போகிற கடற்கரைக்கு அந்த வருஷம் தடை என்பதால் எல்லாப் பட்டமும் எங்கள் தலைக்கு மேலேயே. சில்வானஸ் மகளைப் பேச்சுக்கு இழுத்துப் பார்த்தான்.

"அந்தச் சிவப்புப் பட்டத்தைப் பாரு பிசி. வாலு அறுந்து போய் ஆடுது, குடிகாரன் மாதிரி."

பிசி நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்பா, டயோ செத்துட்டானா? எனக்குத் தெரியாம மறைக்கிறீங்களா?"

"இல்லம்மா."

"நிஜமா?"

"எனக்கும் தெரியலம்மா" என்றான். அதைச் சொன்ன பிறகு வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். 

சாயங்காலம் கொன்டேயின் போன் அடித்தது. அவர் எழுந்து நின்று கேட்டார். பிறகு ஒலிபெருக்கியைப் போட்டுக் கயிற்றுக்கு நேராக நீட்டினார். ஒரு பெண் குரல். அந்த மையத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அதே நோயில் படுத்துப் பிழைத்தவள், இனி அது தொற்றாது என்பதால் முகமூடியில்லாமல் பிள்ளைகளைத் தூக்க முடிகிறவள்.

"டயோ அம்மாவா? ரத்தம் பார்த்தாச்சு. மலேரியாதான். அந்தச் சனியன் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்பாங்க, அதுலயும் இல்லைன்னு வந்தா அனுப்பிடுவாங்க. சாப்பிடறான். என் மடிலதான் இருக்கான். ஏன்மா, இவன் வாழைக்காய் வறுத்துக் குடுன்னு உயிரை எடுக்கறானே, வீட்டுல தினம் அதானா?"

அபியோசே தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. ரெண்டாவது சோதனை வரும்வரை அவள் நம்பவில்லை.

ரெண்டாவதும் இல்லை என்றே வந்தது. டயோ போட்டுக்கொண்டு போன உடைகளை அங்கே எரித்துவிட்டார்கள், வெள்ளைச் சட்டையும் போயிற்று. யாரோ பெரியவரின் டி-ஷர்ட்டைக் கணுக்கால் வரை தொங்கவிட்டுக்கொண்டு, பாதிரியார் போல, டயோ வண்டியிலிருந்து இறங்கினான். மிச்ச நாட்களையும் கயிற்றுக்கு உள்ளேயே கழித்தார்கள். பிசிக்கும் அபியோசேக்கும் எதுவும் வரவில்லை. ஆனால் கடைசி நாள்வரை அபியோசே ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை கயிற்றை அவிழ்த்தார்கள். கொன்டே பெஞ்சைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எல்லோருக்கும் முழங்கையால் கை கொடுத்தார். "இன்னிக்குத்தான் ஈஸ்டர்" என்று பிசி அறிவித்தாள். மறுபேச்சு கிடையாது. சில்வானஸ் கோழி வாங்கி வந்தான். நான் இஞ்சிச் சாறு கொண்டுபோனேன். மெமுனாவுக்காக முதலில் ஜெபம் பண்ணச் சொன்னாள் அபியோசே. பண்ணினோம்.

பிறகு பெரிய தட்டில் சோற்றைக் கொட்டிக் குழம்பை ஊற்றி நடுவில் வைத்தாள். எங்கள் வீடுகளில் எல்லோரும் ஒரே தட்டில்தான் கை வைப்போம். சுற்றி உட்கார்ந்தோம். ஆனால் ஒரு கையும் நீளவில்லை. பிசி அம்மாவைப் பார்த்தாள், அம்மா டயோவின் விரல்களைப் பார்த்தாள், நான் என் மடியைப் பார்த்தேன். சோற்றின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

சில்வானஸ் டயோவின் கையைப் பிடித்து, தன் கையோடு சேர்த்துச் சோற்றுக்குள் அழுத்தினான். "சூடு ஆறிடும், சாப்பிடுங்க" என்றான்.