அப்பாவின் சாக்ஸபோனும் சித்தப்பாவின் சுருதியும்

விடியற்காலை வாசம் என்றால் எனக்குக் காபி வாசம் இல்லை. அப்பா வாயில் ஊறவைத்துக்கொண்டிருக்கும் சாக்ஸபோன் சீவாளியான ரீடின் ஈர நாணல் வாசம்தான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தெருவே தறியில் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் கல்யாண "பேண்டு செட்"டில் சாக்ஸபோன் வாசித்தார். தறியை அம்மா பார்த்துக்கொண்டாள். அதே செட்டில் சித்தப்பா கிளாரினெட். மற்றதெல்லாம் தோல் வாத்தியம் என்பதால், சுருதி என்பது அண்ணன் தம்பிக்குள் தீர்ந்துவிடுகிற விவகாரம்.

சாக்ஸபோனின் கழுத்தில் மவுத்பீஸ் செருகும் இடத்துக் கார்க் என்றைக்கோ பொடிந்துபோக, அங்கே அம்மா அரக்கு நிறக் கழிவுப் பட்டு நூலை மெழுகு தடவிச் சுற்றிக் கொடுத்திருந்தாள். மவுத்பீஸை உள்ளே தள்ளினால் சுருதி ஏறும், வெளியே இழுத்தால் இறங்கும் என்பது வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்குத் தெரியும்.

நான் ஆறாவது படித்த வருஷம், சர்க்கரை வியாதியில் அப்பாவின் மேல்வரிசை முன்பற்கள் ஆடி விழுந்தன. அதிலிருந்து சாக்ஸபோன் சுருதி இறங்கிப் பேச ஆரம்பித்தது. பல் போன வாய்க்கு மவுத்பீஸ் பிடிபடவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. "சுருதி மாதா, லயம் பிதாம்பாங்க. இது ரெண்டும் இல்லாத அனாதையா பூட்ச்சி" என்று வாத்தியத்தைத் திட்டுவார். ரீடை மாற்றினார். கட்டுப்பல் வைத்துப் பார்த்தார். ஊதும்போது அது நழுவியது. தினமும் அம்மாவைத் தறியிலிருந்து கூப்பிட்டு, "இன்னும் ஒரு சுத்து பிரி, உள்ள போவட்டும்" என்பார். அவளும் பிரித்துக் கொடுப்பாள். ஒருநாள் பிரிக்க நூலே இல்லை. வாசிப்பும் போய்விட்டால் அப்பா என்ன ஆவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் சின்ன காஞ்சிபுரத்தில் தெரிந்த வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் இரண்டு வாத்தியமும் ஒன்றாகக் குழைந்து வந்தன. "பாத்தியாம்மா? அந்தக் கடைசி சுத்துதான் கோளாறு பண்ணிக்கினு இருந்துச்சு!" என்று அப்பா என்னைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தார். ஆனால் ஊர்வலம் கிளம்புவதற்கு முன் சித்தப்பா வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி, தன் கிளாரினெட்டின் மேல்பாகத்தை வெளியே இழுத்துச் சுருதியை இறக்கிக்கொண்டதை நான் பார்த்திருந்தேன். "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் அப்பா இருந்தவரை அப்படித்தான் வாசித்தார்கள். அவ்வளவு வெளியே இழுத்தால் கிளாரினெட்டில் சில ஸ்வரங்கள் தனியே பிசகும். சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் சுளித்து, "கிளாரினெட்டுக்குக் காது இல்லையா?" என்பார்கள். "வயசாவுது இல்லீங்களா" என்று சித்தப்பா தன் தலையில் போட்டுக்கொள்வார்.

அப்பாவின் சாவுக்கும் அவரே வாசித்தார். சாக்ஸபோனுக்கு வேறொரு பையன் வந்திருந்தான். "அண்ணா, உங்கது இறங்கி இருக்குது, உள்ள தள்ளுங்க" என்றான். "இன்னிக்கி ஒரு நாள் இப்படியே இருக்கட்டும்பா" என்றார் சித்தப்பா. சேராமல் இரண்டும் தெருக்கோடிவரை அழுதுகொண்டே போயின. எல்லாம் முடிந்து வீடு திரும்பியபிறகுதான் அவர் கிளாரினெட்டின் மேல்பாகத்தை உள்ளே தள்ளினார்.

இப்போது சித்தப்பாவும் இல்லை. நூல் இல்லாத அந்தச் சாக்ஸபோன் கழுத்து என் அலமாரியில் கிடக்கிறது. தெருவில் பேண்டு போனால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி, யாராவது கொஞ்சம் இறங்கி வாசிக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். எல்லாம் சுருதி சுத்தமாகத்தான் இருக்கிறது.