கம்பளிக்கு வாங்கிய துப்பாக்கி

என் கோணல் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று மனைவி தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டதும், நுவரெலியாவில் இப்போது இல்லாத அந்தப் பெரிய கடையின் வாசனை வந்தது. பிஸ்கட் டின்களையும் துணிகளையும் தாண்டினால், கண்ணாடி அலுமாரிக்குள் எண்ணெய் மினுங்க வேட்டைத் துப்பாக்கிகள் நிற்கும். தோட்டத்துக் காவல்காரரான அப்பா, பன்றி விரட்ட ஒன்று வாங்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சிறுவனான என்னையும் அம்மாவையும் கூட்டிப்போனார்.

"கம்பளிய கழட்டிட்டு துப்பாக்கிய தோள்ல வச்சுப் பாருங்க," என்றார் கடைக்காரர்.

"குளிருதுங்க," என்றார் அப்பா. உள்ளே சட்டை தோளில் கிழிந்திருந்தது எங்களுக்கு மட்டும் தெரியும். தடித்த கம்பளிமேலேயே வைத்துப் பார்த்து, அதற்குப் பொருந்திய, தோளில் பதியும் பின்கட்டை குட்டையான துப்பாக்கியை வாங்கினார். பிறகு கம்பளி இல்லாமல் அது அவர் தோளில் சரியாக நிற்கவேயில்லை.

"கம்பளிக்கு வாங்குன துப்பாக்கிங்க, வெயிலானாலும் போர்த்திக்கிட்டுப் போங்க," என்று அம்மா சிரிப்பார். தீபாவளிக்கு அம்மா அவருக்கு எடுத்துத் தந்த புதுச் சட்டையும், துப்பாக்கிக்காக, யார் கண்ணிலும் படாமல் அந்தக் கம்பளிக்குள்ளேயே இருந்தது.

எழுதியது, தைப்பொங்கலுக்கு மறுநாள்.