குரோலின் தங்கை எழுதிய நாவல்

பிலடெல்பியாவில் எல்நாத்தன் குரோலிடம் பேச்சுக் கொடுத்து மாட்டிக்கொண்டால் லேசில் தப்ப முடியாது. புத்தகம் போடுவது அவர் தொழில். இறக்குமதி வரி அவருடைய பைத்தியம். வரியில்லாமல் இங்கிலாந்துச் சரக்கு மலிவாக வந்து இறங்கினால் நம் உலைகள் அணைந்துபோகும், நம் நெசவாளி பட்டினி கிடப்பான் என்று நான்கு தடித்த புத்தகங்கள் எழுதினார். மனதார நம்பித்தான் எழுதினார். வேலை போன இரும்பாலைக்காரன் எவன் கதவைத் தட்டினாலும் அவர் வீட்டில் சூடான சூப்பும் ரொட்டியும் உண்டு.

ஆனால் அவர் பிழைப்பு ஓடியதோ இங்கிலாந்து நாவல்களால். கப்பல் கரை சேருமுன்பே அவருடைய ஆள் படகில் போய்ப் புது நாவலை வாங்கி வந்துவிடுவான். அதைக் கிழித்துப் பத்து அச்சுக்கோப்பாளர்களுக்குப் பங்கு போட்டால் மூன்றாம் நாள் கடையில் புத்தகம். எழுதினவனுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. வெளிநாட்டுக்காரனின் எழுத்துக்கு அன்று சட்டத்தில் காப்பு இல்லை, ஊரில் எல்லாப் பதிப்பாளரும் அப்படித்தான்.

அவர் எழுதுவதையெல்லாம் படித்துப் பிழை திருத்துபவள் தங்கை கெசியா. அவளும் ஒரு நாவல் எழுதி அண்ணன் மேசையில் வைத்தாள்.

"இங்கிலீஷ்காரன் கதை சும்மா கிடைக்கறப்ப உன்னுதை யாரும்மா வாங்குவாங்க?"

"இரும்புக்கு அவ்வளவு அழறியே அண்ணே, எனக்காக அழ மாட்டியா?"

"இரும்பு வேற, கதை வேற."

கெசியா பாஸ்டனுக்கு அனுப்பினாள். அங்கே ஒருவர் அச்சிட்டார், நன்றாகவே விற்றது. மறு வசந்தத்தில் கப்பலில் ஒரு லண்டன் பதிப்பு வந்தது. அவளுடைய நாவலேதான். யாரும் அவளைக் கேட்கவில்லை, தலைப்பைக்கூட மாற்றியிருந்தார்கள்.

குரோல் கொதித்துப்போனார். "திருட்டுப் பசங்க! ஒரு வார்த்தை கேட்டானா? பாடுபட்டு எழுதினவ இங்க இருக்கா, அவன் பாட்டுக்கு அள்ளிக்கிட்டுப் போறான்!"

அச்சுக்கூடமே வேலையை நிறுத்திப் பார்த்தது. சிரிக்க ஒருவருக்கும் துணிவில்லை.

"மெதுவா கத்து அண்ணே," என்றாள் கெசியா. "இப்ப இங்க அச்சு கோத்துக்கிட்டிருக்காங்களே ஒரு இங்கிலீஷ் கதை, அதை எழுதினவன் வீட்லயும் ஒருத்தர் இப்படித்தான் குதிப்பாங்க."

குரோலுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. "தப்புதான்மா," என்றார். "அடுத்த கதைய எங்கிட்ட குடு. நானே போடறேன்."

"மொதல் கதைய படிச்சியா?"

நிலக்கரி, பருத்தி, கம்பளி என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்த மனிதர் அதை மட்டும் படித்திருக்கவில்லை. அந்தத் திருட்டுப் பதிப்பையே பிரித்து, நின்ற இடத்திலேயே முதல் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார். கெசியா போகாமல் நின்றாள்.