குருபரப்பள்ளி ஏற்றமும் மைத்துனனின் சல்லடையும்

ஓசூரில் வண்டி சூடாகிறது என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எதிர்வீட்டுக்காரர் ஏதோ ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருப்பார். மாடி வீட்டுக்காரர் இன்னொன்றில் பராமரிப்புப் பிரிவில் இருப்பார். இருவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து, பானெட்டைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார்கள். நான் தொழிற்சாலையில் சம்பளப் பிரிவில் இருப்பவன். ஆகவே என் சொந்த வண்டியின் என்ஜினைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பது எங்கள் குடியிருப்பின் எழுதாத சட்டம்.

வண்டி முதன்முதலில் சூடானது பொங்கல் விடுமுறையில், கிருஷ்ணகிரியிலிருந்து மேலேறி வரும்போது. இறங்கிப் போகும்போது ஒன்றுமில்லை. ஊருக்குள் ஓட்டும்போதும் ஒன்றுமில்லை. ஏற்றம் தொடங்கியதும் வெப்பமானியின் முள் சிவப்பை நோக்கி நகரும். வேறு சமயமாக இருந்தால் வந்த விலைக்கு விற்றுத் தொலைத்திருப்பேன். என் மாமனாரின் கண் என்னை விடவில்லை.

மாமனார் கிருஷ்ணகிரிக்கு அப்பால் மத்தூரில் இருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. இன்னும் தள்ளிப்போட்டால் அறுவை சிகிச்சை சிக்கலாகிவிடும் என்று மருத்துவர் என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமனார் தள்ளிப்போடுவதில் வல்லவர். மழை, அறுவடை, பங்குத் திருவிழா என்று அவருக்குக் காரணம் தீர்ந்ததே இல்லை. கடைசியில் மகளின் அழுகைக்கு இறங்கி வந்து ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பஸ்ஸில் வர மாட்டார். காரில், முன் இருக்கையில்தான் வருவார்.

சாம்பல் புதனுக்கு முந்தைய சனிக்கிழமை அவரை அறுவை சிகிச்சைக்காக ஓசூருக்கு அழைத்து வந்தோம். குருபரப்பள்ளியைத் தாண்டுவதற்குள் முள் சிவப்பைத் தொட்டு, பானெட்டின் விளிம்பிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. ஓரங்கட்டினேன். மாமனார் கைப்பையைத் தடவி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

“ஆண்டவரே வேணாங்கறாரு. நீ எதுக்கும்மா குறுக்க நிக்கற?” என்று மகளிடம் சொன்னார்.

அவரைக் கையைப் பிடித்து எதிர்ச்சாரிக்கு அழைத்துப் போய் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்ற வேண்டியதாயிற்று. மனைவி கூடவே போய் மத்தூரில் விட்டுவிட்டு வந்தாள். வந்தவள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. இன்னொரு முறை வண்டி வழியில் நின்றால் அவர் ஆயுளுக்கும் வர மாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தவக்காலம் முழுவதும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். முதல் பட்டறைக்காரர் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டார். என்ஜின் சூடேறும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் சிறிய வால்வு அது. நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று அவர் சொன்னபோது தலையில் குரங்குக் குல்லா போட்டிருந்தார். அதன்பிறகு காலையில் என்ஜின் சூடேறவே மறுத்துப் பெட்ரோலைக் குடித்தது. ஏற்றத்தில் மட்டும் பழையபடி கொதித்தது. இரண்டாமவர் என்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட்டை வெளியேற்றிச் சிவப்புக் கூலன்ட் ஊற்றினார். நிறம் மாறியது. மூன்றாமவர் ரேடியேட்டர் விசிறியையே மாற்றினார். பழையது நன்றாகத்தானே சுற்றியது என்று கேட்டேன். சுற்றியது, ஆனால் மனசில்லாமல் சுற்றியது என்றார். எந்திரத்துக்கு மனசு உண்டு என்பதை நான் அந்தப் பட்டறையில்தான் கேள்விப்பட்டேன்.

கடைசியில் என் மைத்துனன் பொறுப்பை ஏற்றுக்கொண்டான். மனைவியின் தம்பி, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி மேற்பார்வையாளன். அவனுக்கு எதையும் அப்படியே விட முடியாது. எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரிக்குக்கூட மஞ்சள் கோடு போட்டு இடம் குறித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்து, எதிர்வீட்டுக்காரரையும் மாடி வீட்டுக்காரரையும் வண்டி நிறுத்துமிடத்துக்கு அழைத்து, பானெட்டின் மேல் சார்ட் பேப்பரை விரித்தான். இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் எது பழுதானாலும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்பார்கள். ஐந்தாவது ‘ஏன்’ உண்மையான காரணத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடும் என்பது அவர்களுடைய விசுவாசப் பிரமாணம்.

ஏன் சூடாகிறது? தண்ணீர் கொதிக்கிறது. ஏன் கொதிக்கிறது? வெப்பம் வெளியேறவில்லை. இந்த இடத்தில் அவர்கள் சரியான வாசலில்தான் நின்றார்கள். கதவைத் தட்டாமல் கடந்து போனார்கள். ஏன் வெளியேறவில்லை? என்ஜின் அளவுக்கு மீறி உழைக்கிறது. ஏன் உழைக்கிறது? ஏற்றத்தில் தவறான கியர். ஏன் தவறான கியர்? ஓட்டுபவருக்குப் பயிற்சி போதாது.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆச்சரியமில்லை. விபத்து அறிக்கைகளையும் சம்பளப் பிடித்தங்களையும் பார்த்தே நரைத்தவன் நான். இந்த ஊரில் ஐந்தாவது ‘ஏன்’ ஓடி ஓடிக் கடைசியில் போய் நிற்பது, அந்த அறையில் யாருக்குக் குரல் இல்லையோ அவன்மேல்தான்.

அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: எப்போதிலிருந்து? எனக்கு அந்தக் கேள்வி மட்டும்தான் தெரியும். படிக்கிற வரலாற்று நூல்களிலும் முதலில் ஆண்டைத் தேடிவிட்டுத்தான் அரசனைத் தேடுவேன். இந்த வண்டி பொங்கலுக்கு முன் சூடானதில்லை. அதற்கு முன் அதில் செய்த ஒரே மாற்றம், ஆயுத பூஜைக்கு அடுத்த ஞாயிறு மைத்துனனே மாட்டிய வலை. பக்கத்துக் காலி மனையிலிருந்து எலி ஏறி வயரைக் கடிக்கிறது என்று, தொழிற்சாலையில் மிஞ்சிய எவர்சில்வர் வலையைக் கொண்டுவந்து, கருப்புப் பெயின்ட் அடித்து, முன் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே கட்டியிருந்தான். அரிசி மாவு சலிக்கலாம், அவ்வளவு நுணுக்கமான கண்கள். இதைச் சொன்னேன்.

“அது கைசன், மாமா. அப்ரூவ் ஆனது” என்றான் மைத்துனன்.

கைசன் என்பது வேலையைச் சற்று மேம்படுத்தும் யோசனைக்குத் தொழிற்சாலையில் சொல்லும் பெயர். இதே மாதிரி வலையைத் தொழிற்சாலையில் ஒரு எந்திரத்தின் விசிறிக்கு முன்னால் மாட்டி, எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்றைப் பரிசாக வாங்கியிருந்தான். ஒருமுறை பரிசு வாங்கிய பொருளை அவர்கள் மறுபடி சந்தேகப்படுவதில்லை. அது விசாரணைக்கு வெளியே போய்விடுகிறது. பொங்கலுக்கு முன்னால் ஏன் சூடாகவில்லை என்பதற்கும் பதில் இருந்தது: அது வெறும் டேட்டா, காரணம் அல்ல. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மனைவியும் மாடிப்படியில் நின்றபடி, அவன் தொழில் தெரிந்தவன், நீங்கள் சும்மா இருங்கள் என்றாள். அடுத்த முறை மைத்துனனே ஓட்டுவது என்று தீர்மானமாயிற்று.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமை மத்தூர் போனோம். அறுவை சிகிச்சை திங்கட்கிழமை. மாமனாரைக் கிளப்ப மகள் காலைப் பிடிக்காத குறை. முன் இருக்கையில் உட்கார்ந்தவர், கிருஷ்ணகிரி தாண்டியதிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“முள்ளு எங்கடா நிக்குது?”

“பாதில, அப்பா.”

மைத்துனன் கியரை என்னிலும் அழகாக மாற்றினான், ஒப்புக்கொள்கிறேன். முள் முக்காலுக்கு வந்தது. அப்போதும் பாதி என்றான். சிவப்பின் விளிம்புக்கு வந்தது. பாதி என்றான். பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் கையை மனைவி நெரித்துக்கொண்டிருந்தாள்.

“வெந்த நாத்தம் அடிக்குது. நீ பாதிங்கற” என்றார் மாமனார்.

அதே குருபரப்பள்ளி. அதே சாலையோரம். ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் ஆவி கிளப்பிக்கொண்டு நின்றோம். மாமனார் கதவைத் திறந்து, காலால் தரையைத் தேடினார். மைத்துனன் பெட்ரோலில் கலப்படம் இருக்கலாம் என்று ஆரம்பித்தான். மனைவி இறங்கி அவன் எதிரே போய் நின்றாள்.

“இப்ப யாருடா ஓட்டுனது?”

அவன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

“அவரு சொன்ன அந்த வலைய அவுரு.”

“அக்கா, அது அப்ரூவ் ஆன...”

“உங்க கம்பெனி வந்து அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன் பண்ணுமா? அவுருடா.”

இளநீர்க்காரர் கேட்காமலே கத்தியை நீட்டினார். என்ஜின் சற்று ஆறியதும் மைத்துனன் பானெட்டைத் தூக்கிக் கட்டுகளை அறுத்தான். வலை வளையாமல் பலகைபோல வெளியே வந்தது. கிருஷ்ணகிரிச் சாலையில் ஓடும் கருங்கல் லாரிகளின் தூளும், பூச்சிகளும், சனிக்கிழமைதோறும் நாங்கள் அடித்த வாட்டர் வாஷும் மாதக்கணக்கில் சேர்ந்து ஒவ்வொரு கண்ணையும் பூசி மெழுகியிருந்தன. வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. ரேடியேட்டருக்கு மூன்று மாதமாகக் காற்றே போகவில்லை.

“எலி வராம இருக்க இது, இல்லீங்களா? காத்துகூட வர முடியாதே” என்றார் இளநீர்க்காரர். மைத்துனன் நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமனார் கையை நீட்டினார். கொடுத்தேன். விரலால் மேலும் கீழும் தடவினார். நகத்தால் சுரண்டி, முகர்ந்து பார்த்தார்.

“யாரு மாட்டுனது இதை?”

“உங்க பையந்தாங்க” என்றேன்.

 கிருஷ்ணகிரி பஸ் ஒன்று எதிர்ச்சாரியில் நின்று கிளம்பிப் போனது. பிறகு மாமனார் காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

“அப்ப ஆண்டவர் இல்ல. இவன்தான். எடுங்க வண்டிய.”

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு புறப்பட்டோம். சூளகிரி ஏற்றத்தில் முள் பாதிக்கும் கீழே நின்றது. இம்முறை முள் எங்கே என்று அவர் கேட்டதெல்லாம் என்னிடம். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. நான் பழைய தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியது ஒன்று வாங்கி மாட்டச் சொன்னேன். குரங்குக் குல்லாக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மைத்துனன் சளைக்கவில்லை. தொழிற்சாலை எந்திரத்தின் விசிறி முன்னிருந்த வலையையும் கழற்றி, கழற்றுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம் எடுத்து, ‘காற்றோட்ட மேம்பாடு’ என்று தலைப்பிட்டுப் புதிய கைசனாகச் சமர்ப்பித்தான். ஒரு பிளாஸ்க் கிடைத்தது. அடுத்த வாரம் மறுபரிசோதனைக்கு மருத்துவமனை போனபோது கஞ்சி அதில்தான் போனது.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் மாமனாரை மத்தூரில் விடப் போனேன். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்து, வழியிலிருந்த பெயர்ப்பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார். நடுநடுவே வெப்பமானியைக் குனிந்து பார்த்து, முள் எங்கே நிற்கிறது என்று எனக்கே அறிவித்தார். குருபரப்பள்ளியில் நிறுத்தச் சொன்னார்.

“மாப்ள, அந்த வலை டிக்கிலதான கெடக்குது? எடுங்க, பாக்கலாம்.”

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, மூலைக்கு மூலை நிதானமாகப் பார்த்தார்.

“இதுக்கா அவனுக்குப் பரிசு குடுத்தாங்க?”

“ஆமாங்க மாமா. மாட்டுனதுக்கு ஒண்ணு, கழட்டுனதுக்கு ஒண்ணு.”

வலையை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியை இறக்கிக்கொண்டார். “கண்ணு தெரியாமயே இருந்திருக்கலாம்” என்றார்.